தூங்கிக்கொண்டிருந்த இரண்டு கணக்குகள்

20 ஜனவரி, திங்கள்
ஊரூர் ஒல்காட் குப்பம்

நீரஜா,

இந்தக் காலத்தில் காகிதத்தில் கடிதம் எழுதுகிறவர்கள் இரண்டு வகை. காதலிக்கிறவர்கள், கைதானவர்கள். பயப்படாதே, நான் இரண்டாவது வரிசையில்தான் நிற்கிறேன்.

என் போன் இப்போது எங்கள் தலைமையாசிரியை ஷண்முகப்ரியா மேடத்தின் பீரோவில் இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பில் எல்லோருடைய போனையும் ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு ஒட்டிவிட்டார்கள். நைனாவின் போனிலிருந்து உன்னை அழைக்கலாம். உன் அம்மா எடுத்துவிட்டால்? 'வணக்கம் மிஸ், உங்களை மாட்டிவிட்டவன் பேசுகிறேன்' என்றா சொல்வது?

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பொங்கலன்று உன்னிடம் ஒரு கோப்புக் கேட்டேன் அல்லவா? போன வருஷம் முதல் திருப்புதல் தேர்வுக்கு வைதேகி மிஸ் அடித்த கணக்குக் கேள்வித்தாள், கணக்குக் குறிகளை அச்சு மாதிரி அமைக்கிற அந்த லேடெக் மென்பொருளின் கோப்பாகவே. 'தலைப்புப் பெட்டியை எப்படிப் போட்டோம்னு மறந்துபோச்சு' என்றேன். பொய். ப்ளஸ் ஒன் சேர்ந்த வருஷம் உங்கள் வீட்டில் டியூஷன் முடிந்த பிறகு நீயும் நானும் உட்கார்ந்து மிஸ்ஸுக்குச் செய்துகொடுத்த பெட்டி அது. எனக்கு எப்படி மறக்கும்? அதற்கு முன் அவர் வேர்டில் அடிப்பார். வர்க்கமூலக் குறி, பெரிய தலையில் வைத்த சின்னத் தொப்பி மாதிரி நிற்கும்.

எனக்கு வேண்டியிருந்தது நிஜத் தாளின் முகவெட்டு. அதற்குள் என் சரக்கு. 'நம் பள்ளிக் கிரிக்கெட் அணியின் தரம் பூச்சியம் என நிறுவுக.' '29சி பேருந்துப் படிக்கட்டில் தொங்குவோர் எண்ணிக்கை ஒரு மாறிலி எனக் காட்டுக.' இப்படிப் பதினெட்டு. எல்லாமே கோமாளித்தனமாக இருந்தால் யாரும் ஏமாறமாட்டார்களே என்று, கடைசிப் பக்கத்தில் இரண்டு நிஜக் கணக்கு சேர்த்தேன். அவை அந்தக் கோப்பிலேயே கிடந்தன. முன்னால் சதவீதக் குறி போட்டிருந்தது. அந்தக் குறி இருக்கிற வரியை லேடெக் கண்டுகொள்ளாது. கோப்பில் இருக்கும், தாளில் வராது. மிஸ் வேண்டாமென்று ஒதுக்கிய செத்த கணக்குகள் என்று நினைத்தேன். குறியை எடுத்தேன். உயிர் வந்தது. சனிக்கிழமை அண்ணனின் பழைய சிம் ஒன்றிலிருந்து வகுப்புக் குழுவில் போட்டேன்.

இன்று காலை தேர்வு. கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். அதே இரண்டும். அடையாறு உடைந்த பாலத்தின் வளைவு பரவளையம் எனக் கொள்க. அதற்கு அடுத்தது ஒரு தொகையிடல்.

எனக்குப் பின்னால் ஒருவன், 'மச்சி, லீக்குடா' என்றான். பதினோரு மணிக்குத் தேர்வை நிறுத்திவிட்டார்கள். மிஸ்ஸை மேடத்தின் அறைக்குக் கூப்பிட்டார்கள். மணி அடிக்கும் வரை அவர் வெளியே வரவில்லை.

செத்த கணக்கு எப்படி நீரஜா எழுந்து வந்தது? வீட்டில் என்ன நடக்கிறது?

இதைக் கச்சேரி ரோடு ஜெராக்ஸ் கடையில் ஹாஜிரா பீயிடம் கொடுக்கிறேன், உன் ஸ்பைரல் நோட்டுக்குள். 'இன்னாடா, கட இன்னா போஸ்ட்டாபீஸா?' என்றுதான் கேட்பார். ஆனால் கொடுத்துவிடுவார்.

புகழேந்தி
(இப்போதைக்கு இகழேந்தி)


21 ஜனவரி, செவ்வாய்
மயிலாப்பூர்

புகழ்,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் கிழிக்கத்தான் எடுத்தேன்.

அந்தக் கணக்குகள் சாகவில்லை. என் அம்மா எந்தக் கணக்கையும் அழிக்கமாட்டாள். நன்றாக வந்த கணக்கு ஒரு வருஷத் தாளில் அதிகமாகிவிட்டால் முன்னால் சதவீதக் குறி போட்டு வைப்பாள். அடுத்த வருஷம் எடுப்பாள். நான் ஒருமுறை வேண்டாத வரிகள் என்று அழிக்கப்போனபோது, 'அது தூங்கிண்டிருக்கு, எழுப்பாதே' என்று கையைத் தட்டிவிட்டாள். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் கோப்பை அனுப்பினேன், ஏனென்றால் கேட்டது நீ. நீ திறந்து பெட்டியைப் பார்த்துவிட்டு மூடிவிடுவாய் என்று நினைத்த முட்டாள் நான்.

நேற்று அம்மா வந்து கைப்பையை ஃப்ரிட்ஜ் மேல் வைத்தாள். பிறகு அது எங்கே என்று தேடிக்கொண்டிருந்தாள். அப்பா கேட்டதற்கு, 'கேள்வித்தாளை நான் டியூஷன் பசங்களுக்குக் குடுத்துட்டேனாம்' என்றாள். இருபத்தொரு வருஷமாக அந்தப் பள்ளிக்கூடத்தில் இருக்கிறாள். இன்று வகுப்புக்குப் போக வேண்டாம் என்று சொல்லி நூலகத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள். லேப்டாப்பையும் வாங்கிக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமை நிர்வாகக் குழு கூடுகிறது. அங்கே அவளுக்கு வேலை இருக்குமா, இல்லையா என்பதுதான் பேச்சு.

உன் தாளை நானும் பார்த்தேன். டியூஷன் பையன் ஒருவன் காட்டினான். கிரிக்கெட் கேள்விக்குச் சிரித்துவிட்டேன். எனக்கு இப்போது அதுதான் தாங்கவில்லை.

ஒன்று சொல்கிறேன், கேள். நீ யாரிடமும் எதுவும் சொல்லாதே. நீ சொன்னால் கோப்பு எங்கே கிடைத்தது என்று கேட்பார்கள். நான் அனுப்பினேன் என்று வரும். 'கேள்வித்தாள் கோப்பு வீட்டில் பெண் கையில் கிடக்கிறதா' என்று அதையும் அம்மா தலையில்தான் வைப்பார்கள். அம்மாவுக்கு நான் அனுப்பியது தெரியாது.

நகைச்சுவை எழுதுவதானால் பதில் எழுதாதே.

நீரஜா


22 ஜனவரி, புதன்
ஊரூர் ஒல்காட் குப்பம்

நீரஜா,

நகைச்சுவை இல்லை. திட்டம் மட்டும்.

எதுவும் சொல்லாதே என்றாய். சொல்லவில்லை. செய்தேன். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு.

யோசித்துப் பார். ஒரே ஒரு போலித் தாள் வந்து அதில் இரண்டு கேள்வி ஒத்துப்போனால் அது லீக். பத்துப் போலித் தாள் வந்து ஒன்றில் மட்டும் இரண்டு ஒத்துப்போனால் அது குருட்டு அதிர்ஷ்டம். நிகழ்தகவு, மிஸ்ஸே நடத்திய பாடம். எவனோ ஒருவன் எல்லாப் பாடத்துக்கும் வாய்க்கு வந்தபடி தாள் தயாரிக்கிறான் என்று ஆகிவிட்டால் மிஸ்மேல் யாருக்குச் சந்தேகம் வரும்?

சித்தார்த்தன் அண்ணனின் கவர்மெண்ட் லேப்டாப்பில் உட்கார்ந்து ஐந்து தாள் அடித்தேன். இயற்பியல் இரண்டு, வேதியியல் இரண்டு, கணக்கு இன்னொன்று. அதே தலைப்புப் பெட்டி, அதே மதிப்பெண் கட்டம், கேள்விகள் எல்லாம் பழைய புத்தகத்திலிருந்து. ஹாஜிரா பீ கடையில் பிரிண்ட் எடுக்கும்போது அவர் ஒரு தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். 'எழுத்து சோக்காக் கீதுடா, கல்யாணப் பத்திரிக மாதிரி' என்றார். பெருமையாக இருந்தது. அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இன்று காலை பிரேயருக்கு முன்னால் போய் மேஜை அடியிலும் அறிவிப்புப் பலகையிலும் வைத்துவிட்டேன். யாரும் பார்க்கவில்லை.

மேடம் பிரேயரில் சொன்னது இது: 'செஞ்சவங்க யாருன்னு தெரிஞ்சா பிராக்டிகல் பரிட்சைக்கு முன்னாடியே டிசி கையில குடுத்துடுவேன்.' பிப்ரவரி ஏழாம் தேதி பிராக்டிகல். ஆனால் திட்டம் வேலை செய்யும். இரண்டு நாளில் மிஸ் வகுப்புக்கு வந்துவிடுவார் பார்.

புகழேந்தி


23 ஜனவரி, வியாழன்
மயிலாப்பூர்

உன் திட்டம் வேலை செய்துவிட்டது. நிர்வாகக் குழு வெள்ளிக்கிழமை வரைகூடக் காத்திருக்கவில்லை.

ஐந்து தாளையும் மேஜைமேல் பரப்பி வைத்தார்களாம். உங்கள் இயற்பியல் வாத்தியார் பொன்ராஜ் சார் ஒரு தாளைக் கையில் எடுத்து, 'மேடம், இது வேர்டுல வராது. பின்னக் கோட்டப் பாருங்க, சமக்குறியெல்லாம் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா ஆணி அடிச்ச மாதிரி நிக்குது. இந்த ஸ்கூல்ல இப்படி அடிக்கிறது ஒரே ஆளுதான்' என்று சொன்னாராம். அம்மாவின் அரையாண்டுத் தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்கள். பெட்டி பெட்டியோடு பொருந்தியது. கட்டம் கட்டத்தோடு பொருந்தியது. அதுவரை ஒரு தாள் வெளியே போனதாகத்தான் குற்றச்சாட்டு. இப்போது, வேறு பாடங்களுக்கும் அவள் தாள் தயாரித்துப் பசங்களுக்குக் கொடுக்கிறாள் என்றாகிவிட்டது.

நாம் அழகாகச் செய்துகொடுத்தோம் இல்லையா, அந்த அழகுதான் சாட்சி.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ராஜினாமாக் கடிதத்தோடு வரச் சொல்லியிருக்கிறார்கள். கொடுத்தால் போலீஸ், கல்வித்துறை எதுவும் வேண்டாமாம். 'மரியாதையாப் போயிடலாம்' என்றார்களாம்.

அம்மா இப்போது சாப்பாட்டு மேஜையில் அப்பாவின் கம்ப்யூட்டரில் அதை அடித்துக்கொண்டிருக்கிறாள். நான் பின்னால் போய் நின்றேன். லேடெக்கில் அடிக்கிறாள், புகழ். பழக்கதோஷம். நாலு வரி ராஜினாமாவுக்குப் பக்க ஓரம் சரியாக வருகிறதா என்று பார்க்கிறாள். 'அம்மா, நீ கொடுக்கலேன்னு சொல்லேன். யாரோ எடுத்திருக்கான்னு சொல்லேன்' என்றேன். திரும்பாமலே, 'சொன்னா யாருன்னு கேப்பா. சும்மா இரு' என்றாள்.

அப்போது சொல்லியிருக்கலாம், நான்தான் என்று. வாய் வரை வந்தது. தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன்.

நீ பயந்தாங்கொள்ளி என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதினால் அதில் பாதி எனக்கு வரும்.

நீரஜா


25 ஜனவரி, சனி
ஊரூர் ஒல்காட் குப்பம்

நீரஜா,

இரண்டு நாளாக எழுத முடியவில்லை.

திங்கட்கிழமை ஒன்பதே முக்காலுக்கு மேடத்தின் அறைக்குப் போகிறேன். எல்லாத் தாளும் நான் செய்தது என்று சொல்கிறேன். கோப்பை, டியூஷனுக்கு வந்தபோது மிஸ்ஸின் பென்டிரைவிலிருந்து அவருக்குத் தெரியாமல் எடுத்தேன் என்று சொல்லிவிடுகிறேன். உன் பெயர் வராது. மிஸ் கவனக்குறைவாக இருந்தார் என்றும் வராது. திருடினவன் திருடினான், அவ்வளவுதான்.

நைனாவிடம் நேற்று சொன்னேன். கரையில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். என்னை நிமிர்ந்து பார்த்து, 'இன்னாடா, மூஞ்சி கருவாடு மாதிரி கீது?' என்றார். முழுக்கச் சொன்னேன். கடைசியில், 'யாருக்குனா தெரியுமா?' என்று கேட்டார். மிஸ்ஸோட பொண்ணுக்கு மட்டும் என்றேன்.

'அப்ப வாய மூடிக்கினு இரு. இன்னும் ஒரு மாசம். பரிச்ச எழுதிக்கினு வெளிய வந்துரு. நம்ம தெருவுல கணக்கு எடுத்து இதுவரைக்கும் படிச்சவன் நீ ஒருத்தன்தான்.'

'மிஸ்ஸுக்கு வேலை போயிடும் நைனா.'

'அவங்க படிச்சவங்க. வேற எடம் கெடைக்கும். உனுக்கு வேற பள்ளிக்கூடம் கெடைக்குமா, சொல்லு.'

அவர் மறுபடியும் வலைக்குள் குனிந்துகொண்டார். அவர் கை முடிச்சை அவிழ்க்கவில்லை, அதே முடிச்சைத் திருப்பித் திருப்பித் தடவிக்கொண்டிருந்தது. எனக்கு அவர்மேல் கோபமும் வரவில்லை.

திட்டம் என்று நான் போட்டதெல்லாம் எப்படி முடிந்தது என்று பார்த்தாய். இது திட்டம் இல்லை. நீ சரி என்று ஒரு வரி எழுது, போதும்.

புகழேந்தி


26 ஜனவரி, ஞாயிறு
மயிலாப்பூர்

புகழ்,

சரி இல்லை.

திருடினேன் என்று சொன்னால் உன்னைத் திருடன் என்றுதான் எழுதிக்கொள்வார்கள். டிசியில் அது நிற்கும். தவிர, திருடினது இந்த வருஷத் தாளைத்தான் என்று சொன்னால் என்ன செய்வாய்? உனக்குக் கிடைத்தது போன வருஷக் கோப்பு, அதில் தூங்கிக்கொண்டிருந்த இரண்டு கணக்கு, அவ்வளவுதான். அதற்கு ஆதாரம் ஒன்றே ஒன்று. பொங்கலன்று நான் உனக்கு அனுப்பிய மெயில். அதில் தேதி இருக்கிறது, கோப்பு இருக்கிறது, என் பெயரும் இருக்கிறது. என்னை ஒளித்து வைத்துவிட்டு அம்மாவைக் காப்பாற்ற முடியாது. நான் ஐந்து நாளாக அதைத்தான் முயன்றேன்.

அதனால் இன்று காலை அம்மாவிடம் சொன்னேன். அவள் மாவு அரைத்துக்கொண்டிருந்தாள். கிரைண்டரை நிறுத்தாமலே சொல்லத் தொடங்கினேன், சத்தத்தில் பாதி கேட்காது என்று. அவளே நிறுத்தினாள்.

'எனக்குத் தெரியும்' என்றாள்.

எனக்குப் புரியவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: 'அந்தத் தொகையிடல்ல டிஎக்ஸுக்கு முன்னாடி ஒரு சின்ன இடம் விட்டிருக்கு. நான் விடமாட்டேன், எனக்குப் பொறுமை கிடையாது. அந்தப் பையன்தான் ஒவ்வொரு தடவையும் வந்து, மிஸ், எழுத்துக்கு மூச்சு முட்டுதுன்னு சொல்லித் திருத்துவான். திங்கட்கிழமை அந்தத் தாளை என் கையில குடுத்தப்பவே தெரிஞ்சுது.'

விளையாட்டுத் தாளிலும் அதைத் திருத்தியிருக்கிறாய், புகழ். ஊரை ஏமாற்ற உட்கார்ந்தபோதும் உனக்கு அது பொறுக்கவில்லை.

'அவனுக்குக் கோப்பு எங்கேர்ந்து போயிருக்கும்? நீதான் குடுத்திருப்பே' என்றாள். ஐந்து நாளும் நம் இருவரையும் தெரிந்துகொண்டே என் தட்டில் சோறு போட்டிருக்கிறாள்.

ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். 'நான் ராஜினாமா பண்ணினா ஊர் ரெண்டு நாள் பேசும். அவனுக்கு டிசி குடுத்தா அவ்வளவுதான். நீயும் ப்ளஸ் டூ' என்றாள். எனக்குக் கோபம் அடங்கவில்லை. 'நீ பண்ணாத தப்புக்கு நீ கையெழுத்துப் போட்டா அதுவும் பொய்தான்மா. நாங்க ரெண்டு பேரும் காலம் பூரா அந்தப் பொய்யை வெச்சுண்டு எப்படி இருக்கறது?' என்றேன். அவள் கிரைண்டரைப் போட்டுவிட்டாள். அதிலிருந்து இப்போது வரை என்னோடு ஒரு வார்த்தை இல்லை.

நாளை கோபாலபுரத்தில் என் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு அம்மாவோடு வருகிறேன், அவள் கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும். அண்ணனின் லேப்டாப்பைக் கொண்டு வா. நடந்ததை நடந்தபடி சொல். ஒரு சொல் கூட்டாதே.

நீரஜா


27 ஜனவரி, திங்கள்
ஊரூர் ஒல்காட் குப்பம்

நீரஜா,

உன்னை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார்கள் அல்லவா, அதற்குப் பிறகு நடந்ததை நீ கேட்க வேண்டியது நியாயம். இன்றைக்கே எழுதிவிடுகிறேன், நாளைக்கு என் வாய் இதில் எதையாவது சேர்த்துவிடும்.

மேஜைக்கு அந்தப் பக்கம் மேடம், தாளாளர், பொன்ராஜ் சார். இந்தப் பக்கம் மிஸ். மிஸ்ஸின் முன்னால் கவர். நான் சொல்லத் தொடங்கியதும் தாளாளர், 'யாருப்பா உன்ன சொல்லச் சொன்னது?' என்று கேட்டார். மிஸ் சொல்லிக்கொடுத்து நான் வந்திருக்கிறேன் என்று அவருக்குச் சந்தேகம். மிஸ் என் பக்கம் திரும்பவே இல்லை.

லேப்டாப்பைத் திறந்தேன். அண்ணனின் லேப்டாப் திறக்க ஆறு நிமிஷம் ஆகும். அந்த ஆறு நிமிஷத்தில் தாளாளர் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தார்.

உன் மெயிலைக் காட்டினேன். ஜனவரி பதினான்கு. கோப்பைத் திறந்தேன். கடைசியில் அந்த இரண்டு கணக்கு, முன்னால் சதவீதக் குறி, அதற்கும் மேலே மிஸ்ஸின் குறிப்பு: 'அடுத்த வருஷத்துக்கு.' அப்படியே லேடெக்கில் ஓட்டிக் காட்டினேன், தாளில் கணக்கு இல்லை. பிறகு எல்லோரும் பார்க்க அந்தக் குறியை எடுத்தேன். மறுபடி ஓட்டினேன். உடைந்த பாலம் வந்து நின்றது.

தாளாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, 'இன்னொரு வாட்டி' என்றார். மூன்று தடவை காட்டினேன். மூன்றாவது தடவை பொன்ராஜ் சார், 'அப்ப இந்த வருஷத் தாள் வெளிய போகல' என்றார். மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் அவர்தான் சொன்னார்.

அப்போது கதவைத் தட்டினார்கள். நைனா. காலையில் நான் வந்து நின்றதுமே மேடம் போன் போட்டு வரச்சொல்லியிருந்தார்களாம். கடலிலிருந்து நேராக வந்திருந்தார், சட்டை மட்டும் மாற்றிக்கொண்டு. அறை முழுக்க மீன் வாசம். மேடம், 'உங்க பையன் பண்ணது தெரியுமா?' என்றார்.

'தெரியும் மேடம். வாய மூடிக்கினு இருன்னு சொன்னதே நாந்தான். எனுக்கும் சேத்து எதனா தண்டன குடுங்க.'

யாரும் எதிர்பார்க்கவில்லை. நானும்தான். மிஸ் முதல்முறையாகத் தலையை நிமிர்த்தி நைனாவைப் பார்த்தார். பிறகு எழுந்து தன் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினார். நைனா உட்காரவில்லை. இரண்டு பேரும் கடைசி வரை நின்றுகொண்டே இருந்தார்கள், நடுவில் காலி நாற்காலி.

முடிவு இது. கவரைப் பிரிக்காமலே மிஸ்ஸிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் இந்த வருஷம் அவர் கேள்வித்தாள் தயாரிக்கக் கூடாது. பொன்ராஜ் சார் பார்த்துக்கொள்வார். கோப்பை வீட்டில் பாதுகாக்காததற்கு ஒரு மெமோ. எனக்கு பிராக்டிகல் உண்டு, பொதுத்தேர்வு உண்டு. டிசியில் நடத்தை என்ற இடத்தில் 'நன்று' வராது, 'திருப்தி' என்றுதான் வரும். பன்னிரண்டாம் வகுப்புப் பிரிவுகள் நான்கிலும் போய் நின்று, செய்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும். ரத்தான தேர்வை எல்லோரும் மறுபடி எழுத வேண்டும், அதனால் எல்லோருக்கும் என்மேல் பாசம் பொங்கி வழிகிறது.

வெளியே வந்தபோது நீ பெஞ்சில் இல்லை. நைனா பேருந்து நிறுத்தம் வரை முன்னால் நடந்தார். ஏறும்போது, 'அந்தப் பொட்டில எழுத்து வந்துச்சே, அது நீ செஞ்சதா?' என்றார். தட்டுவதற்கு முன்னால் கதவுக் கண்ணாடி வழியே பார்த்திருக்கிறார். ஆமாம் என்றேன். 'ம்' என்றார்.

புகழேந்தி


30 ஜனவரி, வியாழன்
மயிலாப்பூர்

புகழ்,

பெஞ்சில் இல்லாததற்குக் காரணம், அழுதுவிட்டேன். பள்ளிக்கூட வாசலில் அழுகிற பெண் என்று பெயர் வாங்க வேண்டாமென்று தெருமுனைக்குப் போய் நின்றேன்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அம்மா அந்தக் கவரைச் சமையலறை அலமாரியில் மளிகைச் சீட்டுகளோடு போட்டுவிட்டாள். மெமோவையும் அதோடு. நேற்று பொன்ராஜ் சார் அடித்த மறுதேர்வுத் தாளைச் சரிபார்க்கக் கொடுத்திருந்தார்கள் போல. வேர்டில் அடித்தது. பின்னக்கோடு ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. அம்மா அதைப் பார்த்தாள், பென்சிலை எடுத்தாள், வைத்துவிட்டாள். அவளுக்கு வேலை இருக்கிறது. ஆனால் அவள் கையை எடுத்துவிட்டார்கள். இதை நாம் மறக்கக் கூடாது.

என்னோடு இன்னும் பேசவில்லை. சாப்பிடு, தூங்கு, கதவைச் சாத்து என்பதையெல்லாம் அப்பா வழியாகச் சொல்கிறாள். நான் சொல்லாமல் இருந்த ஐந்து நாளுக்கா, கடைசியில் சொன்னதற்கா, எதற்குத் தண்டனை என்று தெரியவில்லை. கேட்கவும் பயம்.

உன்மேல் எனக்குக் கோபம் போகவில்லை. குறைந்திருக்கிறது. நாளைக்கு எங்கள் அம்மா வகுப்பில் நீ மன்னிப்புக் கேட்கிற முறை அல்லவா? அங்கே ஏதாவது வேடிக்கை பண்ணினாய் என்றால் அதோடு சரி.

நீரஜா


31 ஜனவரி, வெள்ளி
ஊரூர் ஒல்காட் குப்பம்

நீரஜா,

முதல் மூன்று பிரிவில் மன்னிப்புக் கேட்டபோது சிரித்தார்கள். நான் எழுந்து நின்றாலே சிரிக்கிற பழக்கம் அவர்களுக்கு. கடைசிப் பெஞ்சிலிருந்து ஒருவன், 'மச்சி, கிரிக்கெட் கேள்விக்கு ஆன்சர் இன்னா?' என்று கத்தினான். என்னிடம் பதில் தயாராக இருந்தது, நல்ல பதில். சொல்லவில்லை. சொல்லாமல் விழுங்குவது தொண்டையில் முள் மாட்டினது போல இருக்கிறது.

நான்காவது என் சொந்த வகுப்பு. மிஸ் மேஜைக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் கரும்பலகைக்கு முன்னால். நடந்ததை நடந்தபடி சொன்னேன். கோப்பை ஏமாற்றி வாங்கினேன், குறியை எடுத்தேன், பயந்து ஒளிந்தேன், ஒளிந்தது போதாமல் இன்னும் ஐந்து தாள் வைத்தேன், ஒரு வாரம் மிஸ்ஸைத் திருடி என்று எல்லோரும் பேச நான் கேட்டுக்கொண்டிருந்தேன். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. ஒருவன் மட்டும், 'அவ்ளோதானா?' என்றான். அவ்வளவுதான் என்றேன்.

மிஸ் பலகையில் ஒரு தொகையிடல் எழுதினார். சுண்ணக்கட்டியை என்னிடம் நீட்டினார். முகத்தில் ஒன்றும் இல்லை.

போட்டேன். பிரதியிட்டேன், எல்லையை மாற்றினேன், இரண்டு வரியை ஒரே வரியாக அடக்கி விடைக்கு அடியில் கோடு போட்டேன். அவர் விடையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

'தப்பு. மூணாவது வரியில குறி மாறணும், மாத்தலை. ப்ளஸ் டூ வந்தும் இதை நான் உனக்குச் சொல்லிண்டே இருக்கணுமா? போய் உட்காரு.'

வகுப்பு சிரித்தது. நான் போய் உட்கார்ந்தேன். பக்கத்திலிருந்தவன், ஏண்டா பல்லைக் காட்டுகிறாய் என்று கேட்டான். அவனுக்கு எப்படிச் சொல்வது?

எண்ணிப் பார்த்தேன் நீரஜா, இத்தனை நாள் என் பக்கமே திரும்பாத மிஸ் ஒரே மூச்சில் என்னிடம் பதினாறு வார்த்தை பேசிவிட்டார். இன்று சாயங்காலம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து நீயும் ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டுப் பார்.

புகழேந்தி